பம்பிங் குறைந்த இதயத்தோடு நடக்கத் தொடங்குவது எப்படி?

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஒன்று, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம். இன்னொன்று, மிதமான உடற்பயிற்சி செய்யலாம். முதல் வரியைப் படித்த பிறகு இரண்டாவது வரியை நம்ப யாருக்கும் மனம் வரவில்லை. நூற்றில் எழுபது போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டோம். அம்மா கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் டம்ளரைக்கூட நாங்களே கையில் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் அப்பாவின் தொடை இளைத்து வேட்டிக்குள் தொளதொளவென்று ஆனது. பாத்ரூம் வரை போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. நோய் முற்றுகிறது என்று பயந்து ஓடினோம். பிசியோதெரபிஸ்ட் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூச்சு வாங்கறதுல பாதி, படுக்க வெச்சதால வந்தது" என்றார்.

அந்த மூன்று வாரம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். 'ஹார்ட் வீக்கா இருக்கு, பம்பிங் கம்மி' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் நிரம்பியிருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்பதைத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேனில் சதவீதமாகச் சொல்கிறார்கள். நல்ல இதயமும் 100 தள்ளுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் தள்ளும். 40-ம் அதற்குக் கீழும் குறைவு என்று வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. பம்பிங் 50-க்கு மேல் சரியாகவே இருக்கும். ஆனால் இதயத் தசை விறைத்துப்போய் ரத்தத்தை வாங்கிக்கொள்ள மறுப்பதால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். வயதான பெண்களிடமும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பருமனும் உள்ளவர்களிடமும் இது அதிகம். இரண்டுக்கும் டாக்டர்கள் சொல்லும் பெயர் இதயச் செயலிழப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிடப் போகிறது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். உடம்புக்கு வேண்டிய வேகத்தில் வேலை செய்ய முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். இரண்டு வகையினருக்கும் உடற்பயிற்சி உதவுகிறது.

எப்படி உதவுகிறது? நடக்கும்போது ஆக்சிஜனைக் கேட்பது கால் தசை. தசை பலமாக இருந்தால் வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தை அடிக்கடி அவசரப்படுத்தாது. படுத்தே கிடந்தால் தசை கரைகிறது, சின்ன வேலைக்கும் இதயத்தைத் துரத்துகிறது. தொடர்ந்து நடப்பவர்களுக்கு ரத்தக் குழாய்கள் இளகி விரிகின்றன, அதே மாடிப்படியை இதயம் குறைந்த சிரமத்தில் சமாளிக்கிறது. சிலருக்கு எக்கோவில் பம்பிங் எண்ணும் கொஞ்சம் ஏறும், ஆனால் அதில் பெரும் பங்கு மாத்திரைகளுக்கு உரியது. ஆகவே எண்ணை எதிர்பார்த்து நடக்காதீர்கள். போன மாதம் நின்று நின்று போன தூரத்தை இந்த மாதம் நிற்காமல் போக முடிகிறதா என்று பாருங்கள். மாத்திரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம். நடக்கிறோமே என்று மாத்திரையைக் குறைக்கும் பேச்சே கூடாது.

டாக்டர்களே ஒரு காலத்தில் இந்த நோய்க்குப் படுக்கை ஓய்வைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1980-களில் இருந்துதான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. 2009-ல் வெளிவந்த ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த 2,331 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே. உடற்பயிற்சி செய்த குழுவினருக்கு முதல் 36 அமர்வுகள் கண்காணிப்பில், அப்புறம் வீட்டில். பயிற்சியால் ஆபத்து கூடவில்லை. நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது இறப்பும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சிறிதளவு குறைந்திருந்தன. நடக்கும் திறனும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டிருந்தன. இந்தச் 'சிறிதளவு' என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அற்புதம் நடக்கும் என்று நம்பி ஆரம்பிப்பவர்கள்தான் மூன்றாவது வாரம் விட்டுவிடுகிறார்கள்.

நம் பக்கம் நடையை வலியுறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2013-ல் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களின் நோய். நம் ஊரில் வேலைக்குப் போக வேண்டிய, பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போக வேண்டிய வயதிலேயே வந்துவிடுகிறது.

முதல் படி: அனுமதி

டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கேட்கும்போது, 'வாக்கிங் போகலாமா' என்று பொதுவாகக் கேட்டால், 'போங்க' என்று பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: என் நிலைமை இப்போது நிலையாக இருக்கிறதா? துடிப்பு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது? எத்தனை கிலோ வரை தூக்கலாம்? ஆறு நிமிட நடைச் சோதனையோ ட்ரெட்மில் சோதனையோ தேவையா? ஆறு நிமிட நடை எளிய சோதனை. சமதளமான வராந்தாவில் உங்கள் வேகத்தில் ஆறு நிமிடம் நடக்க வைத்து எத்தனை மீட்டர் என்று அளப்பார்கள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சுவலி புதிதாக வந்திருந்தால் அல்லது கூடிக்கொண்டே போனால், துடிப்பு தாறுமாறாக ஓடினால், காய்ச்சல் இருந்தால், இதய வால்வு மிகவும் சுருங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தால், இப்போதைக்கு உடற்பயிற்சி கிடையாது. பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பெலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கையால் தள்ளுவது, இழுப்பது, தூக்குவது எல்லாவற்றிலும் டாக்டர் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். பேஸ்மேக்கரோ துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ பொருத்தியவர்கள் முதல் சில வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஐ.சி.டி. உள்ளவர்கள் அது எந்தத் துடிப்பில் வேலை செய்யும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பயிற்சியில் துடிப்பு அதற்கு 10 முதல் 20 வரை கீழேயே நிற்க வேண்டும்.

தினமும் காலையில் ஐந்து நிமிடச் சோதனை

நடக்கப் போகும் முன் இன்று நடக்கலாமா என்று உடம்பிடம் கேட்டாக வேண்டும். அப்பா பெரிய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், அதே வேட்டியோடு எடை பார்ப்பார். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை இல்லை, தேங்கிய நீர். அன்று நடை இல்லை, டாக்டருக்குப் போன். அடுத்து முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை ஐந்து விநாடி அழுத்தி எடுப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். முதல் நாள் இரவு எத்தனை தலையணை என்பது மூன்றாவது கட்டம். ஒரு தலையணையில் தூங்கியவருக்குத் திடீரென்று மூன்று தேவைப்பட்டாலோ, நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தாலோ, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ரத்த அழுத்தமும் துடிப்பும்.

இந்த நோட்டு இல்லாமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம் என்று பிடிவாதமாகவே சொல்வேன். அப்பாவை ஒரு தடவை ஆஸ்பத்திரிச் சேர்க்கையிலிருந்து காப்பாற்றியது இந்த எடைக் கட்டம்தான். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு நாளில் 1,800 கிராம் ஏறியிருந்தது. அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று எல்லாம் உப்பு. நீர் மாத்திரையை டாக்டர் சில நாள் கூட்டிக் கொடுத்தார், சரியாகிவிட்டது.

முதல் இரண்டு வாரம்: வீட்டுக்குள்ளேயே

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். ஷூ வாங்கி, முதல் நாளே மைதானத்துக்குப் போய், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு சுற்று வந்து, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்து, 'நமக்கு இது ஆகாது' என்று முடித்துவிடுகிறார்கள். தமிழக அரசு 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது நல்ல காரியம். ஆனால் அந்த 8 கிலோமீட்டர் உங்களுக்கு இலக்கு இல்லை.

உங்களுக்கு ஐந்து நிமிடம். அதுவும் கூடத்திலிருந்து அடுப்படி வரை, அடுப்படியிலிருந்து கூடம் வரை. ஐந்து நிமிடமே முடியாவிட்டால் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி இரண்டு நிமிடம். காலை, மாலை என இரண்டு வேளை, முடிந்தால் மூன்று. வழியில் ஆங்காங்கே நாற்காலி போட்டு வையுங்கள். உட்காரலாம் என்ற தைரியம் இருந்தால்தான் கால் நடக்கும். அப்பா முதல் நாள் நடந்தது எங்கள் கூடத்தில் எட்டு நடை. ஒவ்வொரு நடையும் பதினான்கு டைல்ஸ். சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போனார். எட்டாவது முறை திரும்பும்போது அந்த விரலையும் எடுத்துவிட்டார்.

நடை தொடங்கும் முன் உடம்பைச் சூடுபடுத்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தோளைச் சுழற்றுவது, உட்கார்ந்தே கால் மாற்றி நடப்பது போலத் தூக்குவது, அப்புறம் மெதுவாக ஓரிரு நடை. நடை முடிந்ததும் சட்டென்று நிற்காதீர்கள். கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது, அது திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் இறங்கி, கிறுகிறுத்து விழக்கூடும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நின்று, உட்காருங்கள். நடை நீளமாகிய பிறகு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

எவ்வளவு வேகம்?

நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். இதைவிட நம்பகமான அளவுகோல் வீட்டில் கிடைக்காது. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். அப்பா திருநெல்வேலியில் டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். அவருக்குப் பாட்டு வராது. "சமாதானபுரம், முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன்" என்று ஸ்டாப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடப்பார். டவுன் வரை ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். வண்ணார்பேட்டையில் மூச்சு முட்டினால் அம்மா அடுப்படியிலிருந்தே, "மெதுவா போங்க" என்று குரல் கொடுப்பாள்.

குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் உருவாக்கிய அளவுகோலைப் பிசியோதெரபிஸ்ட்கள் காட்டுவார்கள். 6-ல் தொடங்கி 20-ல் முடியும். சும்மா உட்கார்ந்திருப்பது 6, இதற்கு மேல் முடியவே முடியாது என்பது 20. நீங்கள் 11-க்கும் 13-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதாவது 'லேசாக இருக்கிறது' என்பதற்கும் 'கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் தொடரலாம்' என்பதற்கும் நடுவில்.

கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மெட்டோபிரோலால், கார்வெடிலால், பிசோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு ஏறாமல் அந்த மருந்தே பிடித்து வைத்திருக்கும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கடிகாரம் 90 காட்டும்போதே உடம்பு தன் எல்லையைத் தொட்டிருக்கலாம்.

எப்படிக் கூட்டுவது?

முதலில் நேரம், அப்புறம் வேகம். ஐந்து நிமிடம் நாலைந்து நாள் சுலபமாக இருந்தால் ஏழு நிமிடம். அதுவும் பழகினால் பத்து. மாடிப்படியும் மேடும் எல்லாவற்றுக்கும் கடைசி. சராசரியாக இரண்டு மூன்று மாதத்தில் 20 முதல் 30 நிமிடம் தொடர்ந்து நடக்க வந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் ஆகும், ஆகட்டும். ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வில் முதல் மூன்று மாதத்துக்கு வாரம் 90 நிமிடமும், அதற்குப் பிறகு வாரம் 120 நிமிடமும்தான் இலக்கு. 120 நிமிடம் என்பது வாரத்தில் ஆறு நாள், தினமும் 20 நிமிடம்.

கூட்டியது அதிகமா என்பதை மறுநாள் காலை சொல்லிவிடும். நடந்து முடித்து பத்து நிமிடத்தில் மூச்சு சீராக வேண்டும். அன்று முழுக்க அடித்துப் போட்டது போல அசதி இருந்தால், மறுநாள் பழைய அளவுக்குத் திரும்புங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

ஓரளவு நடை பழகிய பிறகு, வாரம் இரண்டு மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள், தசைக்கும் வேலை கொடுக்கலாம். இதில் மிகச் சிறந்தது நாற்காலிப் பயிற்சி. சுவரோரம் நகராத நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து முறை, பிறகு எட்டு, பத்து. கை ஊன்றித்தான் முடியும் என்றால் ஊன்றிக்கொள்ளுங்கள். சுவரில் உள்ளங்கை வைத்துத் தள்ளுவது, நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்குவது ஆகியவையும் போதும். ஒன்று முக்கியம்: மூச்சை அடக்காதீர்கள். எழும்போது, தள்ளும்போது, தூக்கும்போது மூச்சை வாயால் விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும், இறுகிய பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுவதும், மலச்சிக்கலில் முக்குவதும் இதே கதைதான். மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

யோகா பழக்கம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும், கும்பகம் என்று மூச்சை நிறுத்துவதையும், கபாலபாதி போன்ற வேக மூச்சையும் விட்டுவிடுங்கள். மெதுவாக மூச்சு இழுத்து மெதுவாக விடுவது நல்லதே.

மாத்திரை, வெயில், சாப்பாடு

நீர் மாத்திரை போட்ட அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் காலை நடை முதலில், மாத்திரை அப்புறம் என்று டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொண்டோம். இந்த நோய்க்கான பல மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பவை. அதனால் படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

நம் ஊர் வெயிலை மதியுங்கள். காலை ஏழுக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. சித்திரை, வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே கூடத்தில் நடப்பதே போதும். தண்ணீரை அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், வேர்க்கிறது என்று இஷ்டத்துக்குக் கூட்டவும் வேண்டாம், பயந்து குறைக்கவும் வேண்டாம். வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று ரிவ்யூவில் கேளுங்கள். வெளியே போகும்போது போன், மாத்திரைப் பட்டியல் எழுதிய சீட்டு இரண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முதல் சில மாதம் கூட ஒருவர் வருவது நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம், அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது. தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது. தாறுமாறான படபடப்பு. திடீரென்று கூடும் மூச்சுத்திணறல். குளிர்ந்த வியர்வை. இதில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள், 'இந்தத் தெரு முனை வரைக்கும்' என்று இழுக்காதீர்கள். சில நிமிட ஓய்வில் போகவில்லை என்றாலோ, மயக்கம் வந்தாலோ, நுரையோடு சளி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990. ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று யோசிக்க வேண்டாம், ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும். ஐ.சி.டி. ஒரு முறை அதிர்ச்சி கொடுத்து, நீங்கள் நன்றாகவே இருந்தாலும் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். அடுத்தடுத்து கொடுத்தால் உடனே 108.

அப்புறம் இடைவெளி விழும் நாட்கள். சளி, காய்ச்சல், ஊர்ப் பயணம், மறுபடியும் ஓர் ஆஸ்பத்திரிச் சேர்க்கை. எல்லோருக்கும் வரும். நான்கைந்து நாள் விட்டுப்போனால் முன்பு நடந்ததில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வந்தால் அனுமதி வாங்கி, மறுபடி கூடம், மறுபடி ஐந்து நிமிடம். அப்பாவுக்கு இப்படி இரண்டு தடவை ஆயிற்று. இரண்டாவது தடவை அவரே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு, தேவைப்படுகிறவர்களுக்குப் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. வெளியே நடமாட முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து கேளுங்கள்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எடை, அழுத்தம், எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எங்கே மூச்சு வாங்கியது என்று தேதி வாரியாக டாக்டர் முன்னால் விரித்து வையுங்கள். எங்கள் டாக்டர் எக்கோவைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார். போன தடவை ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது என்ன, ஜங்ஷன் வரைன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா விளக்கிச் சொன்னார்.